இங்கிலாந்துக் குதிரையின் காசு

அன்று புக்கியில் இருந்தவர்களைச் சொல்கிறேன்.

கவுண்டருக்குப் பின்னால் கந்தளாய்ப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை. தமிழில் எண்கள் எல்லாம் தெரியும். மற்றச் சொற்கள் அவளுக்குத் தேவைப்பட்டதில்லை.

அரசாங்கக் கச்சேரியில் கிளாக்காக இருந்து பென்சன் எடுத்த ஐயா. எங்களில் ஆங்கிலம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். குதிரை ஓட்டத்தாளை மூக்கில் முட்டப் பிடித்து வாசிப்பார்.

கிண்ணியா நானா. ஓட்டோ ஓட்டுகிறவர். பந்தயம் கட்டமாட்டார், ஹராம். வாசல்படிக்குள் காலும் வைக்கமாட்டார். வெளியே ஓட்டோவில் இருந்தபடி ஜன்னலால் ரிவியைப் பார்த்து, எந்தக் குதிரை வெல்லும் என்று சொல்லுவார். அது ஹராமில் சேராது என்பது அவருடைய முடிவு.

தம்பலகாமத்துக் கமக்காரர் ஒருவர். நெல் விற்ற கிழமை மட்டும் வருவார். யானை தின்று மிச்சம் விட்டதைக் குதிரைக்குக் கொடுக்கிறேன் என்பார்.

மூலைக் கதிரையில் நித்திரை கொள்ளுகிற ஒருவர். மின்விசிறிக்காக வருகிறவர்.

பிறகு நான். துறைமுகத்தில் கப்பல் அணையும்போது கயிற்றை வாங்கிக் கரையில் உள்ள இரும்புக் குத்தியில் மாட்டுகிற வேலை. முப்பத்தொரு வருசம் செய்தேன். ஏழாம் வகுப்பு.

ஐந்து பேர் பார்த்திருக்க, ஒருவர் நித்திரை கொள்ள, மூன்றாவது குதிரையும் முதலாவதாக வந்தது.

புக்கி என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் ஓடுகிற குதிரைக்கு இலங்கையில் காசு கட்டுகிற கடை. சுவரில் நாலு ரிவி, நீளமான வாங்கு, காதில் பென்சில் செருகிய ஆட்கள். மூன்று ஓட்டத்துக்கு மூன்று குதிரையைச் சேர்த்துக் கட்டலாம். முதலாவது வென்றால் அந்தக் காசு முழுவதும் இரண்டாவதில் ஏறும். இரண்டாவது வென்றால் மூன்றாவதில் ஏறும். ஒன்று பிழைத்தாலும் எல்லாம் போய்விடும். பெரும்பாலும் போய்விடும். தோற்ற தாளைக் கசக்கி வெளியே எறிவோம். தெருவில் திரிகிற மான்கள் வந்து தின்னும். எங்கள் காசில் கொழுத்தது அவைகள் மட்டும்தான்.

அன்று நான் கட்டியது ஆயிரம் ரூபாய். முதல் குதிரை அதை ஆறாயிரம் ஆக்கியது. இரண்டாவது அறுபதாயிரம் ஆக்கியது. மூன்றாவதை, கட்டுகிறபோதே, நானாதான் சொன்னார்.

"அந்த வெள்ளைக் காலன எடுங்க தம்பி. மழை பெய்யிது பாருங்க. அவன் சேத்துல ஓடுவான்."

ஓடினான். நாலு இலட்சத்து எண்பதாயிரம். கவுண்டர்ப் பிள்ளை தொகையைத் தமிழில் இரண்டு தரம் சொன்னாள். கமக்காரர் எழுந்து என்னைத் தொட்டுப் பார்த்தார். நான் இருந்த இடத்தில் இருந்தேன்.

அந்தக் காசை எங்கே போடுவது என்று எனக்கு யோசனை வரவில்லை. அது அக்காவுடையது என்று அப்போதே தெரியும். அக்காவுக்கு இங்கிலாந்து விசா எடுக்க வேண்டியிருந்தது. அதற்கு வங்கியில் காசு காட்ட வேண்டும். அக்காவிடம் இருந்தது ஆசுபத்திரி அற்றெண்டன்ற் பென்சன். ஐந்தாம் திகதி வரும். இருபதாம் திகதி முடியும்.

அக்காவுக்கு ஒரே ஒரு பிள்ளை. இருபத்திரண்டு வயதில் இங்கிலாந்துக்குப் போனான். எப்படிப் போனான், ஏன் போனான் என்று எழுதப்போவதில்லை. இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். பதினேழு வருசம். இங்கிலாந்துக்காரன் அவனை முதலில் அடைத்து வைத்தான், பிறகு விட்டான், பிறகு திரும்பவும் கூப்பிட்டு அதே கேள்விகளைக் கேட்டான். கடைசியில் பாஸ்போட் போல ஒரு புத்தகம் கொடுத்தான். எல்லா நாட்டுக்கும் போகலாம், இலங்கைக்கு மட்டும் போக ஏலாது என்று அதில் அச்சடித்திருக்கிறது. ஆகவே அவன் வர ஏலாது. அக்காதான் போக வேண்டும். அக்காவுக்கு அறுபத்துநாலு வயது, சீனி வருத்தம். மகனை ஒருதரம் பார்த்துவிட வேண்டும். அவள் வேறொன்றும் கேட்கவில்லை.

இங்கிலாந்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது குதிரையால் தெரிந்ததுதான். எந்த ஊரில் மேடு, எந்த ஊரில் சேறு, எந்த ஊரில் வலப்பக்கம் வளைவு என்று சொல்லுவேன். அந்த ஊர்களில் வேறு என்ன இருக்கிறது என்று தெரியாது. ரிவியில் காட்டுகிற அளவைப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. பெண்கள் தலையில் தட்டத்தைக் கவிழ்த்தது போலத் தொப்பி போட்டு வருகிறார்கள். ஆண்கள் வாளியைக் கவிழ்த்தது போலப் போடுகிறார்கள். மழை பெய்தால் தொப்பியைக் கழற்றிச் சேட்டுக்குள் வைக்கிறார்கள். தொப்பி எதற்கென்று அவர்களுக்கே தெரியாது.

வருசத்துக்கு இரண்டு தரம் மணிக்கூட்டைத் திருப்புகிறார்கள். முதல் நாள் ஆறரைக்கு ஓடிய ஓட்டம் அடுத்த நாள் ஏழரைக்கு ஓடும். சூரியன் எங்கள் ஊரில் தன்பாட்டுக்கு வருகிறது. அவர்கள் ஊரில் அரசாங்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

மேலே இருந்து ஓட்டுகிற ஜொக்கி குதிரைக்கு எத்தனை அடி அடிக்கலாம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஓர் அடி கூடினால் விசாரணை. ஐயா இதை வாசித்துச் சொன்னபோது பெருமையாகச் சொன்னார். "பாத்தீங்களோ நீதியை?" என்றார். அவர்கள் எங்கள் நாட்டில் இருந்தபோது தேயிலைத் தோட்டத்தில் அந்தக் கணக்கை யார் வைத்திருந்தது என்று கேட்டேன். ஐயா தாளைத் திருப்பினார்.

அவர்கள் அரசியலும் எங்கள் ரிவியில் வரும், ஓட்டத்துக்கு ஓட்டம் இடையில். நாங்கள் பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற அந்த ஒரே வருசத்தில் அங்கே மூன்று பிரதமர். எங்கள் பெரிய ஆட்கள் போனால் ஓடிப்போனார்கள் என்று எழுதுகிறார்கள். அவர்கள் ஆட்கள் போவதென்றால் வீட்டு வாசலில் ஒரு தாங்கி வைத்து, அதன் பின்னால் நின்று, நாட்டுக்குச் செய்த நன்மைகளைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். போகிறவன் போக வேண்டும். கயிற்றைக் கழற்றினால் கப்பல் போகும். நின்று கதைக்காது.

பிறகு ஒரு தேர்தல் வந்தது. தேர்தல் எந்தத் திகதி என்று ஆளும் பக்கத்து ஆட்களே முன்கூட்டிப் பந்தயம் கட்டினார்கள் என்று சந்தேகம், விசாரணை. ஐயா வாசித்தார். வெளியே நானா கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப ஜொக்கியே புக்கிக்கு வந்து கட்டுறான் எண்டு சொல்லுங்க."

"அப்பிடிச் சொல்ல ஏலாது. விசாரணைதானே நடக்குது," என்றார் ஐயா.

"இஞ்ச எவனாவது இப்பிடிச் செஞ்சா நீங்க விசாரணை எண்டு சொல்ல மாட்டீங்க ஐயா. கள்ளன் எண்டு சொல்லுவீங்க."

அந்தத் தேர்தலில் எல்லாக் கட்சியும் படகைப் பற்றித்தான் கதைத்தது. சின்னப் படகில் அகதியாக வருகிறவர்களை நிறுத்துவோம் என்றார்கள். நான் வேலை செய்தது, அவர்கள் ஆண்ட காலத்தில் தங்கள் கப்பல்களைக் கட்டி நிறுத்திய துறைமுகத்தில். சீனக்குடாவில் அவர்கள் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் இன்னும் காட்டுக்குள் வரிசையாக நிற்கின்றன. நிலாவெளி வீதியில், யுத்தத்தில் செத்த தங்கள் ஆட்களைப் புதைத்த செமக்காலை. புல் வெட்டி, தண்ணீர் ஊற்றி, கல் கழுவி வைத்திருக்கிறார்கள். அதில் கிடக்கிற பிள்ளைகளில் குற்றம் இல்லை. பத்தொன்பது, இருபது வயது. ஆனாலும் அந்த வழியால் போகும்போது நினைப்பேன். இவர்களிடம் யாரும் வங்கிக் கணக்குக் கேட்கவில்லை.

வியாபாரமும் அப்படித்தான். முப்பத்தொரு வருசத்தில் நான் கயிறு மாட்டிய கப்பல்களில் அவர்கள் கொடியோடு வந்தது விரல் விட்டு எண்ணக்கூடியது. சொந்தக்காரன் ஒரு நாடு, கொடி இன்னொரு நாடு, மாலுமி பிலிப்பைன்ஸ்காரன், ஏற்றுவது எங்கள் ஆள். லண்டனில் என்ன இருக்கிறது என்று ஒரு கப்பல் அதிகாரியிடம் ஒருமுறை கேட்டேன். இன்சூரன்ஸ் என்றார். யோசித்துப் பார்த்தேன். கப்பல் அவர்களிடம் இல்லை. கப்பல் தாழுமா தாழாதா என்ற பந்தயம் மட்டும் அவர்களிடம் இருக்கிறது. அதை நாங்கள் செய்தால் புக்கி.

காசை அக்காவின் கணக்கில் போட்டேன். அன்று சந்தோசமாகத்தான் இருந்தது. ஐயாதான் முதலில் சொன்னார்.

"திடீரெண்டு இவ்வளவு காசு விழுந்தா கேப்பாங்கள். எங்கால வந்தது எண்டு காட்ட வேணும்."

விண்ணப்பம் எழுத அக்கா வீட்டு விறாந்தையில் இருந்தோம். ஐயா, நான், அக்கா. நானா ஐயாவைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகாமல் நின்றார். இது புக்கி இல்லை என்பதால் உள்ளே வந்து கதிரையில் இருந்தார்.

"காணி வித்த காசு எண்டு எழுதுங்க," என்றார் நானா.

"காணி உறுதி கேப்பாங்கள்."

"தம்பி கடனாத் தந்த காசு எண்டு எழுதுங்க."

"அப்ப திருப்பிக் குடுக்க வேணுமே எண்டு கேப்பாங்கள். கடன் காசு கணக்கில்ல," என்றார் ஐயா.

"சீட்டுக் காசு?"

"சீட்டெண்டா என்னெண்டு விளங்கப்படுத்த ரெண்டு பக்கம் வேணும்."

அக்கா மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"உண்மையை எழுதுங்கோ," என்றாள்.

"அக்கா, பந்தயக் காசு எண்டு எழுதுறதோ?" என்று கேட்டேன்.

"வேறென்ன காசு அது? பொய் எழுதிப்போட்டு என்ர பிள்ளையைப் பாக்கப் போக மாட்டன். அங்க வாசல்ல நிண்டு கேட்டா நான் என்ன சொல்லுறது? எனக்குப் பொய் ஞாபகம் இருக்காது."

ஐயா கொஞ்ச நேரம் பேனையைக் கையில் வைத்திருந்தார். பிறகு அவருடைய முகம் மாறியது. எனக்கு அது நல்லாய் ஞாபகம். பாதை தெரியாமல் நின்றவனுக்குப் பாதை தெரிந்தது போல இருந்தது.

"அது அவங்கட குதிரை," என்றார். "அவங்கட ஊர் ஓட்டம். அவங்கட பேப்பரில வந்த முடிவு. திகதி, நேரம், குதிரைப் பேர் எல்லாம் குடுப்பம். அவங்களே எடுத்துப் பாக்கலாம். இதை விடச் சுத்தமான காசு உலகத்தில இல்ல."

"அப்பிடியெண்டா சந்தோசப்படுவானுகள்," என்றார் நானா.

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒருவன் எங்கள் வீட்டு மாம்பழத்தைச் சாப்பிட்டு நல்லாய் இருந்தது என்று வந்து சொன்னால் நாங்கள் கதிரை போடுவோம். அந்த மாதிரி. இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது இல்லை.

ஐயா மூன்று பக்கக் கடிதம் எழுதினார். மூன்று குதிரையின் பெயர், ஓட்டத்தின் நேரம், தரையின் ஈரம் வரை எழுதினார். புக்கியில் இருந்து கடிதம் எடுத்தோம். வென்ற துண்டைப் போட்டோக் கொப்பி எடுத்து இணைத்தோம். கடைசி வரியை ஐயா எங்களுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினார். "விண்ணப்பதாரியின் குடும்பம் பல வருசமாக உங்கள் நாட்டுக் குதிரையோட்டத்தில் மிகுந்த ஈடுபாடு கொண்டது."

அக்கா ஒருநாளும் குதிரை பார்த்ததில்லை. கையெழுத்து வைத்தாள்.

அக்காவையும் கூட்டிக்கொண்டு விண்ணப்பத்தைக் கொழும்புக்குக் கொண்டுபோனேன். விடிய பஸ் எடுத்து மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். இங்கிலாந்து அரசாங்கம் அங்கே முகம் காட்டுவதில்லை. விண்ணப்பம் வாங்குகிற வேலையை ஒரு கொம்பனிக்குக் கொடுத்திருக்கிறார்கள். கொம்பனிக்காரப் பிள்ளைகள் மரியாதையானவர்கள். எல்லாவற்றுக்கும் விலை சொன்னார்கள். போனுக்குச் செய்தி வர ஒரு விலை. பாஸ்போட் வீட்டுக்கு வர ஒரு விலை. இன்னும் கொஞ்சம் கட்டினால் வேறு அறை, மெத்தைக் கதிரை, கோப்பி. அக்கா மரக்கதிரையில் இருந்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளை எங்கள் கடிதத்தைப் புரட்டினாள். குதிரைத் துண்டில் வந்து நின்றாள். எங்களைப் பார்த்தாள். பிறகு மற்றப் பக்கத்தில் இருந்தவனுக்குக் காட்டினாள்.

"இதையும் வைக்கிறதா அங்கிள்?"

"வையுங்கோ பிள்ளை."

அக்காவின் பத்து விரலையும் கண்ணாடியில் வைத்து எடுத்தார்கள். ஆசுபத்திரியில் நிலம் தேய்த்த விரல். இரண்டு விரலுக்கு ரேகை விழவில்லை. நாலு தரம் வைக்கச் சொன்னார்கள். அழுத்துங்கோ அம்மா என்றார்கள். அக்கா அழுத்தினாள்.

மூன்று கிழமையில், இருபத்தொரு நாளில், மறுமொழி வரும் என்றார்கள். ஆறு கிழமை ஆனது.

அந்த ஆறு கிழமையில் மருமகன் ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுத்தான். அங்கே பெட்ரோல் அடிக்கிற செட் ஒன்றில் வேலைக்கு நிற்கிறான். முதலாளி எங்கள் ஆள்தான், அதனால் சம்பளம் கூட்டிக் கேட்க ஏலாது. அம்மா வந்தால் எங்கே படுப்பா என்று யோசித்துத் தன் அறைக்குப் புது மெத்தை வாங்கினான். அறைக்கு மூன்று வாளி குப்பை என்று விளங்கப்படுத்தினான். கடதாசிக்கு ஒன்று, சாப்பாட்டு மிச்சத்துக்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று. மாறிப் போட்டால் தண்டம்.

"மிச்சம் வைக்காமச் சாப்பிட்டா ஒரு வாளி குறையுமே," என்றாள் அக்கா.

"இஞ்ச ஆக்கள் நல்லம் மாமா," என்பான் என்னிடம். "எல்லாத்துக்கும் சொறி சொல்லுவாங்கள். நாங்கள் இடிச்சாலும் அவங்கள்தான் சொறி."

"பிறகு?"

"பிறகு ஒண்டும் இல்ல. போயிடுவாங்கள்."

பதினேழு வருசத்தில் எந்த வெள்ளைக்காரன் வீட்டுக்காவது போனாயா என்று கேட்டேன். ஒரு வீட்டுக்குப் போனானாம். சாமான் இறக்கிக் கொடுக்க. தேத்தண்ணி தந்தார்களாம், கடதாசிப் பைக்குள் போட்ட தூள். அதைக் கோப்பைக்குள் முக்கி எடுத்து எறிந்துவிட்டார்களாம். எங்கள் தேயிலை. கொழுந்து எடுத்தவளின் கை அதில் ஒரு நிமிடம்தான் இருந்தது.

அதே ஆறு கிழமையில் உப்புவெளிக் கடற்கரையில் வெள்ளைக்காரர் நிறையப் பேர் வந்து கிடந்தார்கள். அரைக் காற்சட்டையோடு சந்தைக்கு வருவார்கள். நானாவின் ஓட்டோவில் ஏறியவர்கள் இரண்டு பேர், இங்கிலாந்து. விசா எப்படி எடுத்தீர்கள் என்று நானா தன் ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார். அதில் ஒருவன் போனில் என்று காட்டியிருக்கிறான். பஸ்ஸில் போகும்போது செய்தானாம்.

"வங்கிக் கணக்குக் கேட்டாங்களா எண்டு கேட்டன் தம்பி. சிரிக்கிறான். நான் பகிடி விடுறன் எண்டு நெனச்சிட்டான்."

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"இருநூறு ரூவா கூட எடுத்தன்."

பாஸ்போட் தபாலில் வந்தது. உள்ளே கடிதம். தடிப்பைப் பிடித்துப் பார்த்தவுடன் எனக்கு விளங்கியது. சரி என்று சொல்ல அவ்வளவு தாள் தேவையில்லை. புக்கிக்குக் கொண்டுபோய் ஐயாவிடம் கொடுத்தேன். ஓட்டம் தொடங்க அரை மணி இருந்தது. ஐயா நின்றபடி வாசித்தார். பிறகு வாங்கில் இருந்து வாசித்தார்.

"சொல்லுங்கோ," என்றேன்.

"மூண்டு காரணம் சொல்லுறாங்கள். ஒண்டு, இந்தப் பயணத்துக்கு ஆகிற செலவு உங்கட அக்காட பென்சனுக்கு எத்தினையோ மாசத்துக் காசு. இவ்வளவு செலவழிச்சு ஒரு ஆள் சும்மா பாத்திட்டு வரப் போறது நம்பக்கூடியதா இல்லயாம்."

"பிள்ளையைப் பாக்க எண்டு எழுதினனாங்கள்தானே?"

"எழுதினனான்."

"ரெண்டாவது?"

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பந்தயத்தில வந்த காசு நிலையான வருமானம் இல்லயாம். அது உங்கட அக்காட கையிலதான் இருக்கும் எண்டு திருப்திப்பட ஏலாதாம்."

ஜன்னலில் நானாவின் தலை வந்தது.

"அல்லாஹ்வே! அவனுட குதிர தந்த காசு அவனுக்கே ஹராமாப் பெயித்தா? நான் சொல்லக்குள்ள நீங்க எல்லாரும் சிரிச்சீங்க. இப்ப வெள்ளக்காரனே சொல்றான்."

கமக்காரர் சிரித்தார். பிறகு நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். ரிவியில் மழைக்குள் தொப்பிக்காரர்கள் காசு கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களுடைய நாட்டில் தெருவுக்குத் தெரு புக்கி இருக்கிறது. மருமகன் இருக்கிற அறைக்குக் கீழே ஒன்று, எதிரே ஒன்று. அதில் வருகிற வரியை அரசாங்கம் வாங்குகிறது. அதை நிலையான வருமானம் என்று எழுதிக்கொள்கிறது.

"மூண்டாவது?"

"புருசன் இல்ல. ஒரே பிள்ளை அங்க. இஞ்ச திரும்பி வாறதுக்கு அவவுக்குக் காரணம் ஒண்டும் இல்லயாம்."

அறுபத்துநாலு வயதில், சீனி வருத்தத்தோடு, ரேகை இல்லாத விரலோடு, அக்கா அவர்கள் நாட்டில் ஒளித்திருந்து என்ன செய்வாள் என்று நினைத்தார்களோ தெரியாது. அவளுக்கு இங்கே வீடு இருக்கிறது. இரண்டு முருங்கை, ஒரு கிணறு. வெள்ளிக்கிழமை கோயில். தம்பி நான் இருக்கிறேன். அதைக் காரணம் என்று எழுத வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

அன்று பந்தயம் கட்டாமல் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா முற்றத்தில் நின்றாள்.

"என்னவாம்?"

"ஏலாதாம்."

"ஏனாம்?"

"குதிரைக் காசாம்."

கொஞ்ச நேரம் பாயில் கிடந்த மிளகாயைக் கிண்டினாள்.

"பொய் எழுதியிருந்தாலும் ஏலாது எண்டுதான் சொல்லியிருப்பாங்கள்," என்றாள். "இப்ப பொய்யும் இல்ல. போ, போய்ச் சாப்பிடு."

அடுத்த நாள் ஐயா வந்தார். நானாவின் ஓட்டோவில் இல்லை, நடந்து வந்தார். நல்ல சேட் போட்டிருந்தார்.

"நான்தான் பிழை விட்டனான் தங்கச்சி," என்றார் அக்காவிடம். "முப்பத்தெட்டு வருசம் அவங்கட பாசையில கடிதம் எழுதினனான். அவங்களைத் தெரியும் எண்டு நினைச்சன்."

"நீங்கள் வடிவா எழுதினீங்கள் ஐயா. இருங்கோ, தேத்தண்ணி ஊத்துறன்."

"திருப்பி ஒருக்கா போடுவம். இந்த முறை வேற மாதிரி."

"இல்ல ஐயா. நான் இன்னொருக்கா அவங்களிட்டக் கேக்க மாட்டன்."

அவ்வளவுதான் சொன்னாள். கோபத்தோடு சொல்லவில்லை. சந்தையில் மீன் பழுதென்று தெரிந்தால் அடுத்த தட்டுக்குப் போவது போலச் சொன்னாள். ஐயா தேத்தண்ணியைக் குடித்தார். அதற்குப் பிறகு அவர் புக்கியில் ஆங்கிலத்தை அவ்வளவு சத்தமாக வாசிப்பதில்லை.

ஞாயிறு போன் வந்தது. மருமகன் அழுதான். ஏதோ ஒரு வக்கீல் பெயர் சொன்னான், இவ்வளவு காசு என்றான், ஒரு வருசம் ஆகும் என்றான். அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தம்பி, அந்தப் புத்தகத்தில இலங்கைக்கு மட்டும்தானே போக ஏலாது எண்டு போட்டிருக்கு?"

"ஓம் அம்மா."

"அப்ப இந்தியாவுக்கு நீ வரலாமோ?"

பதினேழு வருசம் எல்லாரும் அந்த ஒரு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவன், நான், ஐயா, அங்கே அவனுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவர்கள். ஏழாம் வகுப்புப் படித்த எனக்கும் தோன்றவில்லை. ஐந்தாம் வகுப்புப் படித்த அக்காதான் கேட்டாள்.

அவனுக்கு இந்திய விசா கிடைக்க நாலு மாதம் எடுத்தது. அக்காவுக்கு நாலு நாள். குதிரைக் காசு எங்கிருந்து வந்தது என்று இந்தியாக்காரன் கேட்கவில்லை. பெட்ரோல் செட் முதலாளி இரண்டு கிழமை லீவு கொடுத்தார், சம்பளம் இல்லாமல். அவனுடைய பிளேன் ஒரு நாள் பிந்தியது. போக, வர, அங்கே பொலிசில் பதிய என்று நாள் குறைந்தது. திருச்சியில் குசினி உள்ள அறை ஒன்று எடுத்தார்கள். ஒன்பது நாள்.

நான் போகவில்லை. இரண்டு பேருக்குக் காசு காணாது. அத்தோடு அது என்னுடைய அலுவல் இல்லை. அக்கா மிளகாய்த்தூளும் கருவாடும் கொண்டு போனாள். கொழும்பு வரை கூட்டிக்கொண்டுபோய்ப் பிளேனுக்கு விட்டேன். முதல் தரம் பிளேனில் போகிறாள். பயமா என்று கேட்டேன். "மேல போறதில என்ன பயம்? கீழ நிண்டவங்கள்தான் மறிச்சவங்கள்," என்றாள்.

அந்த ஒன்பது நாளும் நான் புக்கிக்குப் போனேன். விட்டுவிட்டேன் என்று எழுதினால் பொய். ஆனால் இங்கிலாந்து ஓட்டத்துக்கு இப்போது கட்டுவதில்லை. அயர்லாந்துக் குதிரைக்குத்தான் கட்டுகிறேன். ஐயாவும் அப்படித்தான். இதை நாங்கள் கதைத்து முடிவெடுக்கவில்லை. நானா மட்டும் இன்னும் எல்லாவற்றுக்கும் சொல்லுகிறார், வெளியே இருந்து. அவருக்குப் பகை இல்லை. அவர் ஒருநாளும் அவர்களிடம் ஒன்றும் கட்டவுமில்லை, கேட்கவுமில்லை.

அக்கா திரும்பி வந்தாள். வருவதற்குக் காரணம் இல்லை என்று எழுதிய அதே ஊருக்குத்தான் வந்தாள். புகையிரத நிலையத்துக்கு நானும் நானாவும் போனோம். காலை நேரம். பெட்டி பாரமில்லாமல் இருந்தது. போகும்போது தூக்க ஏலாமல் இருந்தது.

"எப்பிடி இருக்கிறான்?" என்று கேட்டேன்.

"மெலிஞ்சு போனான். தலை மயிர் கொட்டிட்டுது. தகப்பனைப் போல நடக்கிறான்."

"கதைச்சீங்களோ?"

"என்ன கதைக்கிறது? அவன் நித்திரை கொள்ளுவான், எழும்புவான், வந்து குசினியில இருப்பான். நான் சமைப்பன். வெளியால ஒரு நேரமும் சாப்பிட விடேல்ல. காலமையும் மத்தியானமும் இரவும் நான்தான் குடுத்தனான். கடைசிக்கு முதல் நாள் இரவு மட்டும் காய்ச்சலோட படுத்திட்டான். அந்த ஒரு நேரம் சாப்பிடேல்ல."

அதைச் சொல்லும்போதுதான் அவளுடைய குரல் கொஞ்சம் மாறியது. ஓட்டோவில் ஏறினோம். நானா கடற்கரை வீதியால் எடுத்தார். அக்கா மடியில் கையை வைத்து, விரலில் ஏதோ திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, எத்தினை நேரம் சாப்பிட்டான்?"

"இருபத்தாறு."